இணை நிரலாக்கம் (தொடக்கநிலைப் பாடங்களில்)

ஒரே கணினியின் முன் இரு மாணவர் அமர்ந்து ஒரே நிரலை எழுதும் பயிற்சி முறை. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் வரிக்கு வரி பிழை பார்ப்பார். அடுத்த படியை யோசிப்பார். அவ்வப்போது இடம் மாற வேண்டும். மாறாவிட்டால், தெரிந்தவர் எழுத, தெரியாதவர் வேடிக்கை பார்ப்பதாக முடியும்.

மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக்கின் 1999ஆம் ஆண்டு நூல் இதைத் தொழில்துறையில் பரப்பியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் குழுவினர் முதலாண்டு வகுப்புகளில் இதை ஆராய்ந்தனர். இணையாகப் பயின்றோர் பாடத்தைப் பாதியில் விடுவது குறைந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் பருவத்திலேயே பைத்தான் ஆய்வகம் உண்டு. ஆனால் இத்தகைய ஆய்வகத்தில் கணினி போதாமல் இருவரை ஒன்றாக உட்காரவைப்பது மட்டும் இணை நிரலாக்கம் ஆகிவிடாது.

திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராம கிராமிய நிறுவனத்திலும் கணினிப் படிப்புகள் உள்ளன. மாணவர்கள் குழுவாகக் கிராமத்தில் தங்கிப் பணியாற்றும் மரபு அங்கு உண்டு. கூட்டுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான சூழல் அரிது.

மதிப்பெண்தான் சிக்கல். நிரல் இருவருடையது, வாய்மொழித் தேர்வோ தனித்தனி. அந்தத் தேர்வில்தான் யார் எழுதியது, யார் பார்த்துக்கொண்டிருந்தது என்பது வெளிப்படும்.