நட்சத்திரம் விரிக்கும் மூடி

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் விரியும் கடைகளில் லேசர் லைட்டும் இருக்கும். அதன் முனையில் சிறு பிளாஸ்டிக் மூடியைத் திருகினால், சுவரில் விழும் சிவப்புப் புள்ளி நட்சத்திரமாகவோ பட்டாம்பூச்சியாகவோ விரியும். ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறும் பிள்ளைகள் அதை வழியெல்லாம் அடித்துப் பார்ப்பார்கள். மூடியை உற்றுப் பார்த்தால் உள்ளே நட்சத்திரப் படம் எதுவும் தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள்தான் விளிம்பு விளைவால் ஒளியை அப்படிப் பிரித்துச் சேர்க்கின்றன.

அந்த மூடி முதலில் கணக்காகப் பிறக்கிறது. ஒளியலைகள் எந்த மேடுபள்ளத்தைக் கடந்தால் நட்சத்திரமாகச் சேரும் என்பதைக் கணினி பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறது. கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் 1972இல் வெளியிட்ட முறை இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது.

அடுத்தது கண்ணாடித் தட்டு. ஒளி பட்ட இடம் கரையக்கூடிய ரெசிஸ்ட்டை அதில் மெல்லியதாகப் பூசி, தூசியில்லாத, மஞ்சள் விளக்கெரியும் அறையில் நீல லேசரால் வரிவரியாக எழுதுகிறார்கள். டெவலப்பரில் கழுவியதும் எழுதிய இடங்கள் பள்ளமாகின்றன. சிவகாசி அச்சகங்களில் லேசரால் பிளேட் எடுப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதாகவே தோன்றும். ஆனால் இங்கே ஆழம் பிசகக் கூடாது. சிவப்பு லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர் என்றால், இரண்டே மட்டங்கள் கொண்ட பிளாஸ்டிக் மூடியில் பள்ளமும் ஏறத்தாழ அவ்வளவு ஆழம் வேண்டும். அது தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு. தவறினால் திசை மாறாத ஒளி நடுவில் பளிச்சென்று நின்றுவிடும். மலிவான மூடிகளில் நட்சத்திரத்தின் நடுவே தெரியும் புள்ளி அதுதான்.

இப்படி எழுதிய தட்டின்மேல் வெள்ளி படியவைத்து, நிக்கலை முலாமாக வளர்த்து உரித்தெடுக்கிறார்கள். அந்த நிக்கல் அச்சு பிளாஸ்டிக்கில் திரும்பத் திரும்பப் பதிகிறது. லேசர் ஒருமுறை எழுதியது ஆயிரக்கணக்கான மூடிகளாகிக் கடைத்தெருவுக்கு வருவது இப்படித்தான்.

2017இல் வந்த ஐபோன் டென், முகத்தின்மேல் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவுவதும் இதே குடும்பத்து உறுப்பால்தான். இவற்றை வடிவமைத்துச் செய்வதற்கான கையேட்டைச் சென்னை ஐஐடியின் பேராசிரியர் சாந்தி பட்டாசார்யாவும் விஜயகுமாரும் எழுத, ஒளியியல் அமைப்பான எஸ்பிஐஇ அதே ஆண்டு வெளியிட்டது.

பிளஸ் டூ இயற்பியல் வகுப்பில் இந்த மூடிக்கு இடம் தர வேண்டும். யார் கண்ணிலும் படாதபடி சுவரை நோக்கி அடித்து, மூடிக்குள் நுழையும் ஒளியில் பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்துக் காட்டலாம். பாதி நட்சத்திரம் மறையாது. முழு நட்சத்திரமும் சற்று மங்கி நிற்கும். மேடுபள்ளத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுப் படத்தையும் சுமக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டறிய இவ்வளவு மலிவான கருவி வேறு கிடைப்பது அரிது.