விளிம்பில் ஓடும் வார்: சாந்திநிகேதன் தோற்பையின் எழுதப்படாத பாதி

சாந்திநிகேதன் தோற்பையைக் கையில் எடுப்பவரின் பார்வை முதலில் அதன் முகப்பில்தான் தங்கும். புடைத்தெழுந்த அல்பனா வளைவுகள், தாமரை இதழ்கள், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே நரம்புபோல் ஓடும் பாத்திக் விரிசல்கள். போல்பூரிலும் கொல்கத்தாவிலும் கடைக்காரர் விரித்துக் காட்டி விற்பதும் அம்முகப்பைத்தான். ஓரத்தை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெளித்தோலையும் உள்தோலையும் சேர்த்துப் பிடித்தபடி, விளிம்பு நெடுகத் துளைக்குத் துளை ஏறி இறங்கிச் சுற்றிவரும் மெல்லிய தோல்வார் ஒன்று அங்கே இருக்கிறது. பழைய முறையில் செய்த பையை ஒன்றாகப் பிணைத்திருப்பது அந்த வார்தான்; நூலுக்கு அதில் வேலை குறைவு.

நூலால் தைத்திருக்கலாமே, ஏன் வாரால் பின்னினார்கள்? அழகுக்காக என்பது வழக்கமான விடை. அது தவறில்லை. ஆயினும் ஒரு கைவினை எந்தச் சமூகத்தில், யார் கைக்கு, எந்த ஊரிலிருந்து வந்த தோலைக்கொண்டு சென்றது என்று பார்க்கத் தொடங்கினால் அவ்விடை போதாமற் போகிறது.

முதலில் வேலையின் இயல்பைப் பார்க்கலாம். பின்னலுக்கான வாரை நேர்க்கோட்டில் வெட்டி எடுப்பதைவிட, வட்டமான தோல் துண்டின் வெளி ஓரத்திலிருந்து சுருளாக உள்நோக்கி வெட்டிச் செல்வதே சிக்கனமானது. 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர செ.மீ. அதை 3 மி.மீ. அகல வாராகச் சுருளவெட்டினால் 10 மீட்டர் நீளம் கிடைத்துவிடும். கழிவுத் துண்டுகளிலிருந்து நெடிய வார் எடுக்கும் இந்தக் கணக்கைத் தோல் தொழிலாளர் எவரும் பள்ளியில் கற்கவில்லை.

வெட்டிய வாரைச் சீவி மெலிதாக்க வேண்டும். பையின் விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. உள்ளே, சம இடைவெளியில் துளைகள் இடவேண்டும். இரண்டு தோல்களிலும் துளைகளின் எண்ணிக்கை ஒத்திருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பை கோணிக்கொள்ளும். எளிய சுற்றுப்பின்னலுக்கு விளிம்பின் நீளத்தைப்போல் மூன்று மடங்கோ சற்று மிகுதியாகவோ வார் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கண்ணிக்குள் வாரை நுழைத்து இழுக்கும் இரட்டைக் கண்ணிப் பின்னலுக்கு ஆறேழு மடங்கு செல்லும். 80 செ.மீ. விளிம்புள்ள ஒரு கைப்பைக்கு முதல்முறையில் இரண்டரை மீட்டர் போதும். இரண்டாவதில் ஏறத்தாழ ஐந்து முதல் ஐந்தரை மீட்டர்வரை ஆகும். அவ்வளவையும் ஒரே வாராக எடுத்துப் பின்ன முடியாது. துளைகளின் வழியே மீண்டும் மீண்டும் இழுபடும்போது தோலின் மேற்பரப்பு தேய்ந்து மங்கிவிடும். ஆகவே கைக்கு அடங்கும் நீளத்தில் வெட்டி, ஒன்றன் முடிவின் அடிப்புறத்தையும் அடுத்ததன் தொடக்கத்தின் மேற்புறத்தையும் சரிவாகச் சீவி, பசையிட்டு ஒட்டித் தொடர்வார்கள். மூலைகளில் ஒரே துளைக்குள் வாரை இரண்டு மூன்று முறை செலுத்தாவிட்டால் அங்கே தோல் இளித்துக்கொண்டு தெரியும். எல்லாம் முடிந்தபின் மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் படியவைத்து, வாரின் நுனியை இரு தோல்களுக்கும் நடுவே செருகி மறைப்பார்கள். தேர்ந்த கையா என்பதை அறிய அந்த நுனி எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்த்தால் போதும்.

இவ்வேலைக்கு ஒரு துளைப்பான், ஒரு கத்தி, பிளவுபட்ட தலையுள்ள தட்டை ஊசி ஆகியவை போதும். தையல் இயந்திரம் வேண்டியதில்லை. செருப்புத் தைப்பவரின் குத்தூசியும் மெழுகு நூலும் மரக்கட்டையும் வேண்டியதில்லை. மடியில் வைத்துக்கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். சாந்திநிகேதனில் இந்தப் பின்னல் வேரூன்றியதற்கான காரணங்களுள் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

1922 பிப்ரவரி 6 அன்று சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல் என்னும் சிற்றூரில் தாகூரின் கிராமப் புனரமைப்பு நிறுவனம் தொடங்கியது. பின்னர் அது ஸ்ரீநிகேதன் எனப் பெயர்பெற்றது. அதன் முதல் இயக்குநர் லியனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய வேளாண் அறிஞர். தாகூரின் மகன் ரதீந்திரநாத் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்றவர். மரவேலையிலும் தோல்வேலையிலும் தாமே கைதேர்ந்தவர். தோற்கலையைச் சாந்திநிகேதனுக்குள் கொண்டுவந்த பெருமை அவருக்கும் அவர் மனைவி பிரதிமா தேவிக்கும் உரியது. புடைப்பு வேலையும் வார்ப்பின்னலும் கூடிய இம்முறை ஐரோப்பியக் கைவினை மரபைச் சார்ந்தது. 1927-இல் தாகூர் ஜாவா சென்றபோது உடன் சென்றவர்களில் ஓவியர் சுரேந்திரநாத் கர் ஒருவர். வங்காள மொழியின் தோற்றம் பற்றிய பெருநூலை அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியிட்டிருந்த மொழியியலறிஞர் சுனீதி குமார் சாட்டர்ஜி மற்றொருவர். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் ஜாவாவின் பாத்திக் கலை சாந்திநிகேதனில் செல்வாக்குப் பெற்று, பின்னர் தோலின்மேலும் ஏறியது. ஐரோப்பிய விளிம்பு, ஜாவானிய விரிசல், வங்காள அல்பனா எனப் பல கரைகளிலிருந்து வந்தவை ஒரு பைக்குள் கூடின.

ரதீந்திரநாத் 1958-இல் வெளியிட்ட தம் நினைவுநூலுக்கு இட்ட ஆங்கிலத் தலைப்பின் பொருள் ‘காலத்தின் விளிம்புகளில்’ என்பதாகும். தோல் விளிம்பை எண்ணி அவர் அத்தலைப்பை இட்டிருக்கமாட்டார். ஆனாலும் விளிம்பு மடித்துப் பின்னத் தெரிந்த ஒருவர் இட்ட தலைப்பு என்று அறிந்தபின் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அடுத்து, தோல். புடைப்பு வேலைக்கு எல்லாத் தோலும் உதவாது. குரோம் உப்பால் பதனிட்ட தோல் மிருதுவானது. ஆனால் ஈரமாக்கி அழுத்தினால் வடிவத்தைப் பிடித்துவைக்காது, பழைய நிலைக்கே மீண்டுவிடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் நீரை உறிஞ்சி, அழுத்திய கோட்டை உலர்ந்தபின்னும் தக்கவைத்துக்கொள்ளும். சாந்திநிகேதனுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாம் வகை ஆட்டுத்தோல். வணிகத்தில் அதற்குக் கிழக்கிந்தியத் தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல், என்று பெயர். அது பெரிதும் விளைந்த நிலம் அன்றைய சென்னை மாகாணம்: திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காட்டுப் பாலாற்றங்கரை ஊர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் பக்குவப்பட்டு, பாதி பதனிட்ட நிலையில் லண்டன் ஏலச்சந்தைக்கும் போன தோல் அது. 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையை அறிமுகப்படுத்திய பின்னரும் பட்டைத்தோல் அழிந்துவிடவில்லை. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது என்பது வேறு கதை. இன்று சாந்திநிகேதன் தோற்பொருட்களுக்கும் ஈ.ஐ. தோலுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. ஒன்றின் உடலே மற்றது என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

சுண்ணாம்புக் குழியில் இறங்கி அத்தோலை மயிர் களைந்தவர்கள் யார்? தமிழகத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் அவ்வேலையைச் செய்தோரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நாற்றம் அங்கேயே தங்கிவிட்டது. வங்காளத்துக்குச் சென்றபோது தோல் தூய்மையாக, மணமாக, வெளிர்மஞ்சளாக, ஏறத்தாழ ஒரு தாளைப்போல வெறுமையாக இருந்தது. அதன்மேல் எவரும் வரையலாம்.

வங்காளத்தின் நிலையும் வேறன்று. தோல் தொட்டவர்களை முச்சி, சாமார், ருயிதாஸ் எனச் சாதிப் பெயரிட்டு ஊரோரத்தில் நிறுத்திய சமூகம் அது. அந்தச் சமூகத்தின் மேல்தட்டிலிருந்து வந்த மாணவர்களும் பெண்களும் தோலைக் கையிலெடுத்துக் கற்றார்கள் என்பது சிறிய செய்தியன்று. அதற்குரிய மதிப்பைக் குறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கற்ற தோல்வேலையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். உரிப்பதும் பதனிடுவதும் வேறெங்கோ முடிந்திருந்தன. செருப்பு பொதுவாக அவர்கள் பாடமாகவில்லை; பையும் பணப்பையும் புத்தக உறையுமே முதன்மை பெற்றன. தையலுக்கு மாறாக விளிம்புப் பின்னல். குத்தூசி ஒரு சாதியின் கருவியாக அறியப்பட்டிருந்த இடத்தில், குத்தூசி வேண்டாத ஒரு நுட்பம் அந்தத் தயக்கத்தை எளிதாகத் தாண்டியிருக்கும் என்று கொள்ள நிறையவே இடமுண்டு. தொடலாகாத பொருள் ‘கலை’ ஆகிய கணத்தில் விளிம்பில் ஓடிய அந்த வார் இரண்டு தோல்களைச் சேர்த்தது. கூடவே, கலைஞரைச் சக்கிலியரிடமிருந்து பிரித்தும் காட்டியது.

காந்தி தொட்ட தோல் வேறு வகையானது. தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் கற்றது செருப்புத் தைப்பதை. டிரப்பிஸ்ட் துறவியரின் மடத்தில் அதைக் கற்றுவந்த ஹெர்மன் காலன்பாக்கிடமிருந்து அது அவருக்கு வந்தது. தாம் தைத்த செருப்பு ஒன்றை அவர் ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அளித்ததும், காந்தியின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பியதும் பலர் அறிந்தவை. 1930களில் கிராமத் தோல் பதனிடுதலைப் பற்றி ‘ஹரிஜன்’ இதழில் எழுதும்போதும் அவர் கவனம் செத்த மாட்டின் தோலிலும் அதை உரிப்பவரின் வாழ்விலும் இருந்தது. சாந்திநிகேதனிலோ தோலின் பயணம் மேசைமேல் தொடங்கியது. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பெழுதுவதில் பயனில்லை. காந்தியின் செருப்பு இந்தியச் சந்தையில் நிலைக்கவில்லை, சாந்திநிகேதன் பை நிலைத்தது. வீர்பூம் மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அது சோறிட்டது. சுஷேன் முகர்ஜி தொடங்கிய ‘ஆமார் குடீர்’ அமைப்பும் பின்னர் இத்தொழிலை ஊன்றிப் பிடித்துக்கொண்டது.

சொற்களும் இந்தப் பிரிவினைக்குச் சாட்சி சொல்கின்றன. இந்தியக் கைவினைப் பாடங்களில் விளிம்புப் பின்னலைக் குறிக்க வழங்குவது ‘தாங்கிங்’ என்னும் ஆங்கிலச் சொல். அமெரிக்கர் இதை ‘லேசிங்’ என்பார்கள். ‘தாங்கிங்’ பிரித்தானியக் கைவினைக் கையேடுகளின் வழக்கு. எந்தத் துறைமுகம் வழியே இந்நுட்பம் இறங்கியது என்பதற்கு இச்சொல் ஒரு தடயம். ஆனால் தோலை வாராக்கித் துளையில் கோத்து இழுத்துக் கட்டும் வேலைக்கு இந்திய மொழிகளில் சொல் இல்லாமலா போயிற்று? தமிழிலும் மலையாளத்திலும் வார், தெலுங்கில் வாரு, கன்னடத்தில் பாரு. வடக்கே தபேலாவின் தோல்வாருக்குப் ‘பத்தீ’ என்று பெயர். அது ‘வத்ர’ என்னும் சமஸ்கிருதச் சொல்லின் வழிவந்தது. புறநானூற்றில் மோசிகீரனார் முரசுகட்டிலைப் பாடிய பாடலில் வாரும், அதே பொருள்தரும் வள்பு என்னும் சொல்லும் வருகின்றன. முரசின் தோலை இழுத்துக்கட்டும் செயலுக்கு விசித்தல் என்பது பெயர். ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள கலைச்சொற்கள் இவை. அவை பறையும் முழவும் செய்தோரின் சொற்களாக இருந்ததால் கைவினைப் பாடத்திட்டத்துக்குள் வர அவற்றுக்கு அழைப்பு இல்லை.

சாந்திநிகேதனின் சுற்றுவட்டாரத்திலும் இதே நிலைதான். கீர்த்தனைக்கு வாசிக்கும் ஸ்ரீகோலின் மண்ணுடலைச் சுற்றி, ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குத் தோல்வார்களை நெருக்கமாக ஓட்டி இழுக்க வேண்டும். துளைகளின் இடைவெளி ஒத்திருக்க வேண்டும். வாரின் அகலம் ஓரிடத்தில் மாறினாலும் நாதம் கெடும். பைக்குத் தேவைப்படும் நுட்பத்தைவிட இது கடுமையானது. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் முச்சி, ருயிதாஸ் சமூகத்தினர். வங்காளத்தின் தோற்கலை வரலாற்றை எழுதும் நூல்கள் ஐரோப்பாவில் தொடங்கி ஜாவாவைச் சுற்றிவந்து சாந்திநிகேதனை அடைகின்றன. நடந்துபோகும் தொலைவில் இருந்த வார்க்காரரின் வீட்டுக்கு அவை போவதில்லை. தமிழிலும் நிலைமை அண்மைக்காலம்வரை அப்படியே இருந்தது. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலுக்குப் பிறகே பலர் வாத்தியத்துக்குப் பின்னால் இருந்த கைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினர்.

இன்று விளிம்பிலிருந்து வார் மெல்ல விலகிவருகிறது. இயந்திரத் தையல் மலிவானது, விரைவானது. செயற்கைத்தோலில் அச்சிட்ட போலிப் பைகளுக்குப் பின்னல் தேவையே இல்லை. கையால் பின்னும் பையில் அதிக நேரத்தை உண்பதும் விளிம்புதான், விலைபேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் விளிம்புதான். இரட்டைக் கண்ணி சுற்றுப்பின்னலாகச் சுருங்குகிறது, துளைகளின் இடைவெளி அகலுகிறது. முகப்பு ஓவியத்தை வரைந்தவருக்கு வடிவமைப்பாளர் என்ற பெயராவது கிடைக்கிறது. ஓரத்தைப் பின்னியவரின் கைக்குப் பெயரில்லை.

வங்காளிகளின் பௌஷ மாதமும் தமிழரின் மார்கழியும் ஒரே சூரிய மாதம். பௌஷ மேளாவுக்காகப் போல்பூரில் பைகள் குவியும் அதே நாட்களில், சென்னையில் கச்சேரிப் பருவத்துக்காக மிருதங்கங்கள் வார் பிடிக்கப் போகின்றன. இரண்டு இடத்திலும் துளை, வார், இழுத்து முடியும் நுனி. பட்டறையில் மிருதங்கத்தின் வாரை இழுத்துக் கட்டுபவர் அச்செயலுக்கு இன்றும் தமிழ்ச் சொல்லைத்தான் வழங்குகிறார்.