புதிர் வீடியோ விளையாட்டு

புதிர் வீடியோ விளையாட்டு என்பது யோசித்துத் தீர்க்க வேண்டிய சிக்கல்களை ஆடுபவர் முன் வைக்கும் கணினி, கைப்பேசி விளையாட்டு வகை. கைவேகத்துக்கும் குறிபார்த்தலுக்கும் இதில் இடம் குறைவு. கவனிப்பதும் ஊகிப்பதும் ஊகத்தைச் சோதித்துப் பார்ப்பதுமே ஆட்டம். 1980-களில் இது தனி வகையாக உருப்பெற்றது. சோகோபான், டெட்ரிஸ், போர்ட்டல், தி விட்னஸ், பாபா இஸ் யூ ஆகியவை இவ்வகையின் புகழ்பெற்ற படைப்புகள். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் ‘வெண்பா’ (2023) சமையலையே புதிராக்கி உலகக் கவனம் பெற்றது. இந்த விளையாட்டுகள் ஏன் கடினமாக இருக்கின்றன, அத்தனை கடினம் இருந்தும் ஏன் நிறைவு தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் மரபும்

புதிர் போடுவது தமிழில் மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் இதைப் ‘பிசி’ என்று பெயரிட்டு, செய்யுளியலில் இரண்டு வகையாகப் பகுக்கிறது. பேச்சுவழக்கில் இது விடுகதை. போட்ட முடிச்சை விடுவிக்க வேண்டும் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் காளஹஸ்தி வட்டாரத்தில் இந்த மரபுக்கும் அதையொட்டிய ஆட்டங்களுக்கும் கோலங்களுக்கும் இரட்டைப் பெயர்கள் உண்டு. தமிழர் விடுகதை என்பதைத் தெலுங்கர் ‘பொடுபு கத’ என்கிறார்கள். தமிழர் ஆடுபுலி ஆட்டம் என்பது தெலுங்கில் ‘புலி மேக’. சிக்குக் கோலம் அங்கே ‘மெலிக முக்கு’. மெலிக என்றால் முறுக்கு, சிக்கு. பெயர் மாறினாலும் விதி மாறுவதில்லை.

இவற்றுள் ஆடுபுலி ஆட்டம் இருவர் ஆடுவது. 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கும். தென்னிந்தியக் கோயில் மண்டபங்களின் கல்தரையில் இதற்கான கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எதிராளி இருப்பதால் இதை முழுப் புதிர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், மீதியுள்ள ஆடுகளை எந்த வரிசையில் நகர்த்தினால் புலி அடைபடும் என்று கணக்கிடும்போது ஆடுபவர் செய்வது புதிர் தீர்க்கும் வேலைதான்.

சிக்குக் கோலம் தனியாளின் புதிர். புள்ளி எதையும் தொடாமல், எல்லாப் புள்ளிகளையும் வளைத்து, தொடங்கிய இடத்திலேயே இழை வந்து முடிய வேண்டும். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டியது.

வரலாறு

திரைக்கு வருவதற்கு முன்பே, எண்ணிட்ட கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் 15 கட்டைப் புதிர் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பித்தாகப் பரவியது. 14-ஐயும் 15-ஐயும் மட்டும் இடம் மாற்றி வைத்தால் அதைத் தீர்க்கவே முடியாது என்று 1879-இலேயே கணித முறையில் நிறுவப்பட்டிருந்தும் மக்கள் விடாமல் முயன்றார்கள். தீர்க்க முடியும் என்ற நம்பிக்கைக்கு மனிதரை எவ்வளவு நேரம் கட்டிப்போடும் ஆற்றல் உண்டு என்பதற்கு இது சான்று.

ஜப்பானியரான ஹிரோயுகி இமபயாஷி உருவாக்கிய சோகோபான் 1982-இல் வெளிவந்தது. மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1980-களின் நடுவில் டெட்ரிசை எழுதினார். 1989-இல் கேம்பாய் கருவியோடு சேர்ந்து அது உலகெங்கும் போனது. 1991-இல் ஸ்காட்லாந்தின் லெமிங்ஸ், 1993-இல் அமெரிக்காவின் மிஸ்ட், 2007-இல் போர்ட்டல், 2008-இல் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் பிரெய்ட், 2014-இல் கைப்பேசிக்கு வந்த மான்யுமென்ட் வேலி, 2016-இல் தி விட்னஸ், 2019-இல் பாபா இஸ் யூ என்று இவ்வகை வளர்ந்தது.

கடினத்தின் ஊற்று

விதிகள் பல இருந்தால்தான் புதிர் கடினமாகும் என்பதில்லை. இதற்கு முதல் சான்று சோகோபான். அந்தப் பெயருக்குக் கிடங்குக்காரர் என்று பொருள். அவர் பெட்டிகளைத் தள்ளிக் குறித்த இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான். விதி இவ்வளவே. இழுக்க முடியாது என்ற ஒற்றைத் தடையிலிருந்து எல்லாத் தொல்லையும் பிறக்கிறது. மூலையில் ஒதுங்கிய பெட்டி திரும்பி வராது. மூன்றாவது நகர்வில் செய்த பிழை முப்பதாவது நகர்வில்தான் தெரியும். அதனால் ஆடுபவர் முடிவிலிருந்து பின்னோக்கி யோசிக்கப் பழகுகிறார்: கடைசிப் பெட்டி எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், அப்போது கிடங்குக்காரர் எங்கே நிற்க வேண்டும், அதற்கு முன் எது விலகியிருக்க வேண்டும்? பொது நிலையில் சோகோபானைத் தீர்ப்பது கணினிக்கே மிகக் கடினமான சிக்கல்களின் வகுப்பைச் சேர்ந்தது என்று 1997-இல் ஜோசப் கல்பர்சன் நிறுவினார்.

இரண்டாவது ஊற்று ஆடுபவரின் பழக்கம். ஜெர்மானிய உளவியலாளர் கார்ல் டுங்கரின் மெழுகுவத்திச் சோதனை இதற்கு நல்ல விளக்கம். ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சி, பெட்டி நிறைய குத்தூசிகள் ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி, அதையே தாங்கியாக்க வேண்டும். ஊசிகள் இருந்த பெட்டியை ஊசிப் பெட்டியாக மட்டுமே பார்த்தவர்கள் திணறினார்கள். புதிர் விளையாட்டுகள் இந்தப் பழக்கத்தையே குறிவைக்கின்றன. இதுவரை தடையாக நின்ற பொருள் பாலமாகும். துரத்தி வந்த எதிரி படிக்கட்டாவான்.

பின்லாந்தின் அர்வி தெய்காரி உருவாக்கிய பாபா இஸ் யூ இதை எல்லை வரை கொண்டுபோகிறது. இதில் விதிகளே சொற்களாகக் களத்தில் கிடக்கும். சுவர் தடுக்கும் என்று பொருள்படும் மூன்று சொற்களில் ஒன்றைத் தள்ளிவிட்டால், சுவர் தடுக்காது. ஊடே நடந்து போகலாம். எதை மாற்றவே முடியாது என்று ஆடுபவர் முடிவுகட்டியிருந்தாரோ அதையே மாற்றச் சொல்கிறது ஆட்டம்.

மூன்றாவது ஊற்று நேரம். டெட்ரிசில் 7 வடிவங்கள் மட்டுமே விழுகின்றன. ஒவ்வொன்றும் எளிய கேள்வி. ஆனால் விழும் வேகம் கூடக்கூட யோசிக்கும் அவகாசம் சுருங்குகிறது. இறுதி விடை என்று ஒன்று இல்லாததால் டெட்ரிசைப் புதிராகக் கொள்ளாதவர்களும் உண்டு.

கற்பிக்கும் முறை

நல்ல புதிர் விளையாட்டு ஆடுபவருக்குத் தெரியாததைக் கேட்பதில்லை. தெரிந்ததைப் புதிதாகச் சேர்க்கச் சொல்கிறது. எனவே அதை வடிவமைப்பவர் ஆசிரியரின் வேலையையும் செய்கிறார். போர்ட்டல் விளையாட்டில் சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து ஒன்றில் புகுந்து மற்றொன்றில் வெளிவரலாம். தொடக்க அறைகளில் அந்தக் கருவி ஆடுபவரின் கைக்கு முழுமையாக வருவதில்லை. அறைக்கு ஒரு பாடமாகக் கற்ற பிறகுதான், உயரத்திலிருந்து விழும் வேகத்தை அப்படியே எதிர்ச்சுவருக்கு மாற்றிப் பாயச் சொல்கிறது ஆட்டம்.

ஜொனாதன் புளோ தலைமையில் உருவான தி விட்னஸ் சொல்லால் எதையும் கற்பிப்பதில்லை. ஒரு தீவில் 500-க்கு மேற்பட்ட புதிர்கள். பெரும்பாலானவை பலகையில் ஒரு கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இழுக்கும் வேலை. புதிய குறி வரும்போது, பக்கத்தில் மிக எளிய பலகைகள் வரிசையாக நிற்கும். முதலாவதைத் தற்செயலாகவும் தீர்த்துவிடலாம். மூன்றாவதிலோ நான்காவதிலோ குறியின் பொருள் பிடிபட்டாக வேண்டும். அம்மா கோலம் போடுவதைப் பார்த்தே இழை திரும்பும் விதம் கற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பாடமுறை புதிதல்ல. ஐந்து புள்ளிக் கோலத்தில் கை பழகியவர்தான் பதினைந்து புள்ளிக்குப் போகிறார்.

நிறைவின் ஊற்று

புதிர் அவிழும் நொடியைப் ‘பொறி தட்டியது’ என்கிறோம். உளவியல் இதைத் திடீர் உள்நோக்கு என்று ஆராய்ந்திருக்கிறது. டெனரிஃப் தீவில் சிம்பன்சிகளை ஆராய்ந்த வொல்ப்காங் கோலர், அவை பெட்டிகளை அடுக்கி உயரத்தில் தொங்கிய பழத்தை எடுத்ததை 1917-இல் வெளியான நூலில் விவரித்தார். சொற்புதிர் தீர்ப்பவர்களின் மூளையை ஆராய்ந்த மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர், விடை திடீரெனத் தோன்றும் தருணத்துக்குச் சற்று முன் வலது பொட்டுப் பகுதியில் தனித்த மின்னலைவு எழுவதை 2004-இல் பதிவு செய்தனர்.

ஆனால் பொறி தட்டினால் மட்டும் நிறைவு வந்துவிடாது. விடை தெரிந்ததும் ‘அட, இது கண்முன்னேதானே இருந்தது’ என்று தோன்ற வேண்டும். நல்ல விடுகதையின் இலக்கணமும் இதுவே: விடை கேட்ட பிறகு வேறு எந்த விடையும் பொருந்தாது என்று மனம் ஒப்புகிறது. தேவையான தகவலை மறைத்துவைத்த புதிர் அவிழும்போது ஏமாற்றமும் எரிச்சலுமே மிஞ்சும். சோகோபானில் எதுவும் மறைவாக இல்லை. களம் முழுவதும் முதல் நொடியிலிருந்தே திரையில் இருக்கிறது. தோற்ற நேரமெல்லாம் மாறாமல் இருந்த களம்தான் இப்போது வழிவிடுகிறது. மாறியது தன் பார்வை மட்டுமே என்று ஆடுபவருக்குத் தெரியும். வெற்றியை அவர் தன்னுடையது என்று உரிமையோடு சொல்ல முடிவது இதனால்தான்.

தீராத புதிர் மனத்தை விடுவதும் இல்லை. முடித்த வேலையைவிட பாதியில் நின்ற வேலை நன்றாக நினைவில் தங்குகிறது என்று புளூமா ஜெய்கார்னிக் 1927-இல் எழுதினார். இரவில் விட்டுவிட்டுப் படுத்த புதிர் காலையில் பல் துலக்கும்போது அவிழ்வதை ஆடுபவர்கள் பலர் அறிவர். ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், டெட்ரிஸ் ஆடியவர்களுக்குத் தூக்கம் வரும் வேளையில் விழும் கட்டைகள் கண்ணில் தெரிந்தன. ஆடிய நினைவையே இழந்த மறதி நோயாளிகள் சிலருக்கும் அவை தெரிந்தன.

வெண்பா

கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கிய வெண்பா 2023 ஜூலை 31-இல் வெளியானது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகியோரின் கதை இது. வெண்பாவிடம் அவருடைய தாயின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கின்றன. இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொரு பண்டத்திலும் விட்டுப்போன படியை ஆடுபவர் ஊகித்து நிரப்ப வேண்டும்.

இதன் புதிர்கள் கடினமானவை அல்ல. பிழை செய்தால் தண்டனை இல்லை, அந்தப் படியை மறுபடி செய்யலாம். புதிரின் வலு அது கேட்கும் அறிவில் இருக்கிறது. இட்லித் தட்டை அடுக்குவதும் புட்டுக்குழலில் ஆவி ஏறும் வழியும் தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்குக் கைப்பழக்கம். மற்றவர் பாத்திரத்தின் வடிவத்தையும் ஆவியின் போக்கையும் பார்த்து அதே விடைக்கு வர முடியும். குறிப்பேட்டின் தமிழைத் தயங்கித் தயங்கிப் படிக்கும் மகனின் நிலையும் புதிருக்குள் வருகிறது. அழிந்த வரியை மீட்பது என்பது ஒரு குடும்பம் தன் நினைவை மீட்பதாகிறது. 2024-இல் இது இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் முதன்மைப் பரிசையும், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

குறைகளும் தவிர்க்க வேண்டியவையும்

எல்லாப் பொருளையும் எல்லாவற்றோடும் தேய்த்துப் பார்த்தால்தான் வழி திறக்கும் என்ற நிலை புதிரின் முதற்குறை. சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பவருக்குப் பூட்டைப் பற்றி எதுவும் தெரிய வருவதில்லை. ஒரு மொழியின் சிலேடையை நம்பிய புதிர் பிற மொழியினருக்கு மூடிய கதவாகிறது. முந்தைய நகர்வுக்குத் திரும்ப வழியில்லாத விளையாட்டு, யோசித்துச் செய்த பிழைக்கும் விரல் தவறியதற்கும் ஒரே தண்டனை தருகிறது. இலவசக் கைப்பேசி விளையாட்டுகள் சிலவற்றில் கடினம் வேறு வேலை பார்க்கிறது. 2012-இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் 5 உயிர்கள் தீர்ந்தால் ஒன்று மீள அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும்.

விடையை உடனே பார்த்துவிடும் வசதி இன்று எங்கும் இருக்கிறது. பார்த்தவருக்கு அடுத்த அறை திறக்கும். அந்த அறைக்குத் தேவையான பாடம் கிடைக்காது. திண்ணையில் விடுகதை போட்ட பாட்டிகள் விடையைக் கேட்டவுடன் சொன்னதில்லை. ஒரு துப்பு கொடுத்து, இன்னும் கொஞ்சம் யோசி என்றார்கள். புதிர் விளையாட்டை ஆடுவதற்கும் பிள்ளைகளுக்கு ஆடக் கொடுப்பதற்கும் இன்றும் அதுவே சிறந்த வழி.