இழப்பிலிருந்து அளவீட்டிற்கு: ஒளியிழை வெப்ப உணரியின் வரலாற்றில் இராமன் சிதறல் (1928–1985)

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழை உணரிகளைத் தகவல்தொடர்புத் துறையின் துணைவிளைவாக மட்டும் கருதும் போக்கு உண்டு. இராமன் விளைவின் நேரடிப் பயனாக அவற்றைக் காட்டும் போக்கும் உண்டு. இவ்விரண்டும் வரலாற்றின் ஒரு பகுதியையே காட்டுகின்றன. 1928இல் கண்டறியப்பட்ட விளைவு, இழை முழுவதும் வெப்பநிலையை அளக்கும் கருவியாக 1985இல்தான் உருப்பெற்றது. இடைப்பட்ட 57 ஆண்டுகளுக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளியிழை, உணரி, இராமன் சிதறல், பின்சிதறல், அறிவியல் வரலாறு.

முன்னுரை

மின்வடங்கள், சுரங்கப்பாதைகள், எண்ணெய்க் கிணறுகள், அணைகள் ஆகியவற்றின் வெப்பநிலையைக் கண்காணிக்க இன்று ஒளியிழைகள் பயன்படுகின்றன. தனித்தனி வெப்பமானிகளை ஆங்காங்கே பொருத்துவதற்கு மாறாக, ஒரே கண்ணாடி இழை தன் நீளம் முழுவதும் வெப்பமானியாகச் செயற்படுகிறது. அளவிடும் இடத்தில் மின்னோட்டம் தேவையில்லை. மின்காந்தப் புலங்களாலும் அளவீடு பாதிக்கப்படுவதில்லை. இக்கருவியின் அடிப்படை சிதறல் ஒளி ஆகும். தகவல்தொடர்புப் பொறியாளர் அதே சிதறலை இழப்பு எனக் கணக்கிட்டனர். இழப்பு அளவீடாக மாறிய படிநிலைகளே இவ்வாய்வின் பொருள்.

கண்டுபிடிப்பும் அதன் எல்லையும்

1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் இணைந்து மேற்கொண்டிருந்த ஆய்வில் புதிய சிதறலை உறுதிசெய்தார். அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் ஆகியோர் குவார்ட்சுப் படிகத்தில் இவ்விளைவைக் கண்டனர். ஒளியிழையின் மூலப்பொருளும் சிலிக்காவே என்பதால், இழையின் வரலாற்றில் மாஸ்கோ ஆய்வுக்கும் இடமுண்டு.

சிதறிய ஒளியின் ஒரு பகுதி நீண்ட அலைநீளத்திற்கு நகர்கிறது. இது ஸ்டோக்ஸ் ஒளி. மற்றொரு பகுதி குறுகிய அலைநீளத்திற்கு நகர்கிறது. இது எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி. பின்னது ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறுகளிலிருந்து ஆற்றலைப் பெறுவதால், வெப்பநிலை உயரும்போது அதன் செறிவு மிகுகிறது. ஆகவே இவ்விரண்டின் விகிதம் வெப்பநிலையைச் சுட்டுகிறது. ஆயினும் பாதரச விளக்கும் ஒளிப்படத் தகடும் கொண்ட அக்கால ஆய்வுமுறையில், இம்மெலிந்த ஒளியைப் பதிவுசெய்ய நீண்ட நேரம் பிடித்தது. அடிப்படை தெரிந்திருந்தும், அது களக்கருவியாகும் சூழல் அன்று அமையவில்லை.

சிதறல் என்னும் இழப்பு

1960இல் லேசர் உருவானதும் ஒளிமூலம் குறித்த தடை நீங்கியது. ஒளி நெடுந்தொலைவு செல்வதற்குரிய ஊடகம் அப்போதும் இல்லை. 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் ஆகியோர், இழையின் இழப்பு ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குக் கீழே குறைந்தால் தகவல்தொடர்பு இயலும் என வாதிட்டனர். அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலே போதும். 1970இல் கார்னிங் நிறுவனத்தின் மௌரர், கெக், ஷுல்ட்ஸ் ஆகியோர் அவ்வெல்லையைக் கடந்தனர். அதே ஆண்டு நவம்பரில் இராமன் மறைந்தார்.

கண்ணாடியின் மாசுகளை நீக்க இயன்றது. ஆனால் கண்ணாடியின் உள்ளமைப்பிலேயே இருக்கும் நுண்ணிய அடர்த்தி வேறுபாடுகளால் விளையும் ரேலி சிதறலை நீக்க இயலவில்லை. பொறியாளர் அதனை இழப்பின் கீழ்எல்லையாக ஏற்றுக்கொண்டனர்.

பழுதறியும் நுட்பம்

1976இல் பார்னோஸ்கி, ஜென்சன் ஆகியோர் இவ்விழப்பைப் பயன்படுத்திக்கொண்டனர். இழையினுள் குறுகிய ஒளித்துடிப்பைச் செலுத்தி, பின்னோக்கிச் சிதறி வரும் ஒளியை நேர அடிப்படையில் அளந்தனர். கண்ணாடியில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். எனவே ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பும் ஒளி 10 மைக்ரோநொடியில் வந்துசேரும். 10 நானோநொடித் துடிப்பு ஒரு மீட்டர் அளவிலான நுணுக்கத்தைத் தரும். இழை எங்கு முறிந்துள்ளது என்பதை அறிவதற்கு வகுக்கப்பட்ட இம்முறையே, எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் என்ற வினாவுக்கும் அடித்தளமாயிற்று.

நீர்மத்திலிருந்து கண்ணாடிக்கு

1983இல் ஆர்தர் ஹார்டாக், நீர்ம உள்ளகம் கொண்ட இழையில் பரவல்முறை வெப்ப அளவீட்டை நிகழ்த்திக் காட்டினார். நீர்மத்தில் ரேலி சிதறல் வெப்பநிலைக்கேற்பத் தெளிவாக மாறுவதால் அளவீடு இயன்றது. ஆனால் நீர்ம இழை அன்றாடக் களப்பணிக்கு ஏற்றதன்று. உறுதியான கண்ணாடி இழையிலோ ரேலி சிதறல் வெப்பநிலைக்கேற்பப் போதிய அளவு மாறுவதில்லை.

இச்சிக்கலுக்கு இராமன் சிதறல் விடையளித்தது. 1985இல் ஜான் டேகின் குழுவினர், குறைகடத்தி ஒளிமூலத்தையும் உணர்கருவியையும் கொண்டு கண்ணாடி இழையில் இராமன் சிதறல்வழி வெப்பநிலையை அளந்த முறையை வெளியிட்டனர். எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி ரேலி ஒளியைவிடப் பன்மடங்கு மெலிந்தது. ஆயினும் எண்ணற்ற துடிப்புகளின் சராசரியைக் கணக்கிடும் மின்னணுவியல் அக்குறையை ஈடுசெய்தது. இதனால் சிறப்பு இழையின் தேவை நீங்கியது. தகவல்தொடர்புக்கென உருவான இழையே உணரியாயிற்று.

முடிவுரை

லேசர், குறைந்த இழப்புடைய இழை, நேரமறி பின்சிதறல் நுட்பம், விரைவான மின்னணுவியல் ஆகிய நான்கும் ஒன்றுசேரும்வரை 1928இன் கண்டுபிடிப்பு காத்திருந்தது. ஆகவே இராமனை ஒளியிழை உணரியின் கண்டுபிடிப்பாளர் எனக் கூறுவது பிழையாகும். அதே வேளையில், அவரது பங்களிப்பை 1930இன் நோபல் பரிசோடு முடித்துவிடுவதும் நிறைவான வரலாறாகாது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஒருவரின் பெயரை இன்று சுரங்கப்பாதைத் தீயறி கருவிகள் தாங்கி நிற்பதற்கு, பொதுவெளியில் பெயர் அறியப்படாத பொறியாளர் பலரின் உழைப்பும் காரணம். தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறு கண்டுபிடிப்பாளரைப் போற்றும் அளவிலேயே, கண்டுபிடிப்புக்கும் கருவிக்கும் இடைப்பட்ட காலத்தையும் பதிவுசெய்தல் வேண்டும். பிரில்லூயன் சிதறல்வழி இழுவிசையை அளக்கும் உணரிகளுக்கும், ரேலி சிதறல்வழி நில அதிர்வை அறியும் உணரிகளுக்கும் இத்தகைய வரலாறு தனித்தனியே எழுதப்பட வேண்டியுள்ளது.