புதுக் காரின் முதல் பழுது: ஓர் உரிமையின் வரலாறு

வாங்கிச் சில நாட்களே ஆன காரில் எஞ்சினோ கியர்பாக்ஸோ பழுதாகும்போது, அதை வாரண்டியின் கீழ் இலவசமாகச் சரிசெய்து தருவதாக விற்பனையாளர் சொல்வதை ஏற்பதா, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பதா என்பது இன்று வாங்கியவர் தாமே எடுக்க வேண்டிய முடிவாகத் தோன்றினாலும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த முடிவு அவர் கையில் இருக்கவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழக்கு வழக்காகவும் சட்டம் சட்டமாகவும் அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. பழுதுபார்க்க இசைந்த ஒருவர், இசைந்த காரணத்தினாலேயே காரை மறுக்கும் உரிமையை இழந்துவிடுகிறாரா என்ற கேள்விதான் அந்த வரலாற்றில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

தொடக்க காலத்தில் காரை வாங்கியவருக்கும் அதைத் தயாரித்த ஆலைக்கும் இடையே சட்டம் எந்த உறவையும் காணவில்லை. ஒப்பந்தம் வாங்கியவருக்கும் டீலருக்கும் இடையிலானது. ஆலை அதில் மூன்றாம் தரப்பு. 1916-இல் பியூக் கார் ஒன்றின் மரச் சக்கரம் நொறுங்கி அதன் உரிமையாளர் காயமடைந்த வழக்கில், நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கவனக்குறைவுக்கு ஆலை பொறுப்பேற்றாக வேண்டும் என்று தீர்ப்பளித்து அந்தச் சுவரில் முதல் விரிசலை உண்டாக்கினார். ஆயினும் அத்தீர்ப்பு உடற்காயத்தைப் பற்றியதேயன்றி, யாரையும் காயப்படுத்தாமல் சாலையோரத்தில் நின்றுவிடும் காரைப் பற்றியதன்று. அத்தகைய காருக்கு ஆலைகள் அளித்த விடையே வாரண்டி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் தெரியவரும் குறைகளைத் தாமே நீக்கித் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதி.

அந்த எழுத்தை இன்று படிப்பவர் அதன் கஞ்சத்தனத்தைக் கண்டு வியக்காமலிருக்க முடியாது. அமெரிக்கக் கார் ஆலைகளின் சங்கம் வகுத்து, பெரிய நிறுவனங்கள் அனைத்தும் பின்பற்றிய ஒரே மாதிரியான வாசகம், 90 நாட்கள் அல்லது 4,000 மைல்கள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே செல்லுபடியானது. பழுதான பாகத்தை வாங்கியவர் தம் செலவில் ஆலைக்கு அனுப்ப வேண்டும். அது உண்மையிலேயே பழுதானதுதானா என்பதை ஆலையே சோதித்துத் தன் மனநிறைவுக்கு ஏற்ப முடிவு செய்யும். பழுதென்று ஒப்புக்கொண்டால் பாகம் மட்டும் மாற்றித் தரப்படும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இந்த வாரண்டி வேறெல்லா உறுதிகளுக்கும் பதிலாகத் தரப்படுகிறது என்ற வரியும் அதில் இருந்தது. விற்கப்படும் பொருள் அதன் பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் தானாகவே அளித்திருந்த காப்பை அந்த வரி பறித்துக்கொண்டது. பெயரளவில் வாங்குபவருக்கான காப்பாக விளங்கிய ஆவணம் உண்மையில் ஆலையின் பொறுப்பைச் சுருக்கும் கருவியாகவே இயங்கியது.

இதை நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது 1960-இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஹென்னிங்சன் வழக்கில்தான். 1955 மே மாதம் வாங்கப்பட்ட பிளிமத் கார் ஒன்று, 468 மைல்களே ஓடியிருந்த நிலையில், ஸ்டீயரிங் கட்டுப்பாடிழந்து சுவரில் மோதியது; முன்பகுதி முழுவதும் நசுங்கிப்போனதால் எந்தப் பாகம் பழுது என்று பிரித்துக் காட்டவும் வழியில்லை. பாகத்தை ஆலைக்கு அனுப்பு என்ற நிபந்தனை அத்தகைய ஒருவருக்கு எவ்வளவு பொருளற்றது என்பது அங்கே தெளிவாயிற்று. நாட்டின் கார் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மூன்று நிறுவனங்களின் கையில் இருக்க, மூன்றும் ஒரே வாசகத்தை நீட்டும்போது வாங்குபவர் அதை ஏற்றார் என்று சொல்வதே தவறு என்று நீதிபதி ஜான் பிரான்சிஸ் எழுதிய தீர்ப்பு, அந்த விலக்கு வரியைச் செல்லாததாக்கியது.

அதே ஆண்டுகளில் போட்டியும் வாரண்டியை நீட்டத் தொடங்கியிருந்தது. 1961-ஆம் ஆண்டு மாடல்களுக்கு 12 மாதம் அல்லது 12,000 மைல் என்று அறிவிக்கப்பட்டது. 1963 மாடல்களுக்குக் கிறைஸ்லர் நிறுவனம் எஞ்சின், கியர்பாக்ஸ் முதலிய ஓட்டும் பகுதிகளுக்கு 5 ஆண்டு அல்லது 50,000 மைல் என்று நீட்டியது. காலம் நீண்டபோது பழுதுபார்ப்பின் தரம் அதற்கேற்ப உயரவில்லை என்பதற்கு ஓர் எளிய பொருளாதாரக் காரணம் இருந்தது. வாரண்டி வேலைக்கு டீலருக்கு ஆலை கொடுத்த கூலி, ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட அட்டவணைப்படி அமைந்தது. பணம் கொடுத்து வரும் வாடிக்கையாளரின் வேலையில் கிடைத்ததைவிட அது பெரும்பாலும் குறைவு. ஒளிந்திருக்கும் பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் நேரம் மெக்கானிக்குக்கு நட்டமாக முடிந்ததால், கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதும், சரியானதாகச் சொல்லப்பட்டு வருவதும், மறுவாரம் அதே குறையோடு திரும்பிப் போவதும் வழக்கமாயிற்று.

இச்சூழலில்தான் 1968-இல் நியூஜெர்சியிலேயே ஜப்ரிஸ்கி ஷெவர்லே வழக்கில் தீர்ப்பு வந்தது. இந்தப் பொருளில் அதைவிடக் கூர்மையான வழக்கு வேறொன்று இல்லை. புதுக் காரை வாங்கியவருக்கு ஷோரூமிலிருந்து வீடு வரையான தூரம் இரண்டரை மைல். ஒரு மைல்கூடப் போகாத நிலையில் சிக்னலில் கார் நின்றது. மீண்டும் மீண்டும் நின்றது. பாதி வழியில் சாதாரண கியரில் நகர மறுத்து, மிகத் தாழ்ந்த கியரில் நடைவேகத்துக்குச் சற்று மேலாக ஊர்ந்தே வீடு சேர்ந்தது. வாங்கியவர் உடனே வங்கியை அழைத்துக் காசோலையை நிறுத்தி, விற்பனை ரத்து என்று டீலருக்கும் தெரிவித்தார். டீலரோ காரை இழுத்துச் சென்று, ஷோரூமில் நின்றிருந்த இன்னொரு காரின் தானியங்கி கியர்பாக்ஸைக் கழற்றி இதில் பொருத்தி, குறை நீங்கிவிட்டது, எடுத்துச் செல்க என்றார்.

அமெரிக்க மாநிலங்கள் ஏற்றிருந்த சீரான வணிகச் சட்டத்தொகுப்பில், பொருள் எந்த வகையிலேனும் ஒப்பந்தத்தோடு பொருந்தாவிட்டால் வாங்குபவர் மறுக்கலாம் என்று ஒரு பிரிவும், விற்பவர் குறையைத் திருத்தி மீண்டும் ஒப்படைக்கலாம் என்று இன்னொரு பிரிவும் இருந்தன. டீலர் இரண்டாம் பிரிவைப் பற்றிக்கொண்டார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. புதுக் கார் வாங்குபவர் தம் சேமிப்பின் பெரும்பகுதியை ஒரு நம்பிக்கைக்காகவும் செலவிடுகிறார்; அந்த நம்பிக்கை முதல் நாளே குலைந்தபின், ஆலையிலிருந்து வராத, முந்தைய வரலாறு தெரியாத கியர்பாக்ஸைப் பொருத்திய வண்டி அவர் வாங்க ஒப்புக்கொண்ட வண்டி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பின்வந்த வழக்குகள் இதைக் குலைந்த நம்பிக்கைக் கோட்பாடு என்று குறிப்பிட்டன. ஓராண்டு முன்பே, 1967-இல், நிறம் சிவந்து தெரிந்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்து பார்க்கவே விடாமல் புதுப் பெட்டி கேட்ட ஒரு குடும்பத்துக்கு எதிராக வாஷிங்டன் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. சிறு திருத்தத்தால் முழுமையாகச் சீராகக்கூடிய பொருளைத் திருத்த வாய்ப்புக் கொடுப்பது நியாயம். உயிரை நம்பி ஏறும் வண்டியின் உள்ளுறுப்பைக் கழற்றி வேறொன்றை வைப்பது வேறு தரத்திலான செயல். இந்த வேறுபாட்டை வரையறுத்ததுதான் அக்காலத்து நீதிமன்றங்களின் பெரும்பங்களிப்பு.

இதன்பின் சட்டமன்றங்கள் எண்களால் பேசத் தொடங்கின. 1975 ஜனவரியில் கையெழுத்தான மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், முழு வாரண்டி, வரையறுத்த வாரண்டி என்று இருவகைப்படுத்தி, முழு வாரண்டி தருபவர் நியாயமான எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின்னும் குறையைத் தீர்க்க முடியாவிட்டால் வேறு பொருளோ பணமோ தர வேண்டும் என்றது. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் வரையறுத்த வாரண்டியையே தேர்ந்துகொண்டதால் அந்தப் பிரிவு கார்களைத் தொடவில்லை. நியாயமான எண்ணிக்கை என்பது எத்தனை என்ற கேள்விக்கு 1982-இல் கனெக்டிகட் மாநிலம் விடை சொன்னது: ஒரே பழுதுக்கு நான்கு முயற்சி, அல்லது மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடப்பு. தேறாத காரை லெமன் என்று சொல்லும் அமெரிக்கப் பேச்சுவழக்கை ஒட்டி லெமன் சட்டம் என்று பெயர்பெற்ற இந்த முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. வாங்கியவருக்கு இது ஓர் அளவுகோலைத் தந்தது உண்மை. ஆனால் நான்கு முறை பொறுத்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் அதுவே வேரூன்றச் செய்தது.

பிரிட்டனில் இதே கேள்வி இன்னும் கடுமையான வடிவில் எழுந்தது. அங்கே பழைய விற்பனைச் சட்டத்தின்படி, பொருளை ஏற்றுக்கொண்டவர் பின்னர் அதை மறுக்க முடியாது. நியாயமான காலம் கடந்தும் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலே ஏற்றதாகக் கொள்ளப்படும். 1984 டிசம்பரில் சுமார் 8,000 பவுண்டுக்கு வாங்கப்பட்ட நிசான் லாரல் ஒன்று, மூன்று வாரங்கள் கடந்து, ஏறத்தாழ 140 மைல்களே ஓடியிருந்த நிலையில், நெடுஞ்சாலையில் எஞ்சின் இறுகி நின்றது. ஆலையில் பொருத்தும்போது சிந்திய சீலன்ட் துளியொன்று எண்ணெய் செல்லும் வழியை அடைத்திருந்தது. வாங்கியவர் மறுநாளே காரை மறுத்து எழுதினார். வாரண்டியில் இலவசமாகச் சரிசெய்யப்பட்ட காரையும் எடுக்க மறுத்தார். 1986-இல் நீதிபதி ரூஜியே, கார் விற்கத்தக்க தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்ட பின்னும், நியாயமான காலம் என்பது காரைப் பொதுவாக ஓட்டிப் பார்க்கும் காலமேயன்றி ஒளிந்துள்ள பழுது வெளிப்படும் காலம் அன்று என்று கூறி, மறுக்கும் உரிமை கடந்துபோயிற்று என்று முடித்தார். வாங்கியவர் அந்த இடைவெளியில் உடல்நலம் குன்றியிருந்ததால் காரை ஓட்டியதே இரண்டு மூன்று முறைதான் என்பது அவருக்கு உதவவில்லை.

பெர்ன்ஸ்டைன் வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பு தவறானது. காணவே முடியாத குறைக்குக் காலக்கெடு வைப்பது வாங்கியவரைத் தண்டிப்பதாகும். அதைவிடப் பெரிய தீங்கு அதன் விளைவில் இருந்தது: மூன்று வாரத்தில் உரிமை போகுமென்றால், ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு முறை காரைக் கொடுத்துப் பொறுமையாகக் காத்திருப்பவர் எல்லாவற்றையும் இழப்பார், முதல் நாளே சண்டையிடுபவரே பிழைப்பார். இணக்கத்தை முட்டாள்தனமாகவும் பிடிவாதத்தை அறிவாகவும் ஆக்கும் சட்டம் வணிகத்துக்கும் நல்லதன்று.

அந்தத் தவறு படிப்படியாகத் திருத்தப்பட்டது. சட்ட ஆணையங்களின் 1987 அறிக்கையை ஒட்டி வந்த 1994-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பழுதுபார்க்கக் கேட்டதனாலோ அதற்கு இசைந்ததனாலோ மட்டும் ஒருவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்று ஒரே வரியில் எழுதியது. இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள வரி அதுவே. 2007-இல், அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதற்கு ஓர் இன்றியமையாத துணையைச் சேர்த்தது. டிராக்டரோடு பூட்டும் விதைப்புப் பொறி ஒன்று அதிர்வதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்த ஸ்காட்லாந்து விவசாய நிறுவனத்துக்கு, விற்றவர்கள் அதைச் சரிசெய்துவிட்டு, என்ன பழுது இருந்தது என்று சொல்ல மறுத்தனர். பழுதுபார்க்க இசைந்தவருக்கு, ஏற்பதா மறுப்பதா என்று தெளிந்து முடிவெடுக்கத் தேவையான விவரத்தைப் பெறும் உரிமை உண்டு. அது மறுக்கப்பட்டால் பொருளையே மறுக்கலாம் என்று அவை முடிவு செய்தது. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் தொடக்க மறுப்புக்கு 30 நாள் கெடு வைத்து, பழுதுபார்ப்பில் இருக்கும் நாட்களை அக்கெடுவில் கணக்கிடாமல் நிறுத்தி வைத்தது. ஒரு முறை பழுதுபார்த்தும் சீராகாவிட்டால் காரை இறுதியாக மறுக்கவும் வழி செய்தது. நான்கு முயற்சி என்ற அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிட்டால் இது வெகுதூரம் முன்னேறியது.

இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் பழைய ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. நியாயமான காலம் கடந்து வைத்திருந்தால் ஏற்றதாகும் என்ற விதி அதன் 42-ஆம் பிரிவில் இன்றும் அப்படியே நிற்க, ஆங்கிலேயர் 1994-இல் சேர்த்த வரி இங்கே சேரவில்லை. நுகர்வோர் ஆணையங்கள் குறையை நீக்கவும், பொருளை மாற்றவும், பணத்தைத் திருப்பவும் உத்தரவிடலாம் என்றாலும், 2006-இல் மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி வாசகம் பழுதான பாகத்தை மாற்றுவதைக் குறிக்குமேயன்றி முழுக் காரை மாற்றுவதையன்று என்று தெளிவுபடுத்தியது. பழுதுபார்க்க இசைவது உரிமையைக் கைவிடுவதாகாது என்ற வரியை இந்தியச் சட்டத்திலும் எழுதியாக வேண்டும். அது வரும்வரை, புதுக் காரை ஒர்க்‌ஷாப்பில் விடுபவர், காரை மறுக்கும் உரிமையைக் கைவிடாமலே பழுதுபார்க்க இசைவதாக எழுத்தில் தெரிவித்து, என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, அது புதியதா என்ற விவரங்களோடு ஜாப் கார்டின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.