கூரையால் ஓர் அரண்மனை, தூணால் ஓர் அரண்மனை

மதுரை திருமலை நாயக்கர் மகாலையும் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். மதுரை பிரம்மாண்டம், பத்மநாபபுரம் எளிமை. இந்தத் தீர்ப்பில் பாதிக்கு மேல் நியாயம் இல்லை என்பது என் எண்ணம். இரண்டும் இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கின்றன. இரண்டையும் அரசர்கள் தமக்காகக் கட்டிக்கொண்டார்கள். ஆனாலும் ஒன்றின் இலக்கணம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

மகாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தூண். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். நிமிர்ந்து பார்த்தால்தான் அதன் தலைப்பு தெரியும். தூணுக்குத் தூண் இலைமடிப்பு வளைவுகள், அவற்றின் மேல் சுதை வேலைப்பாடு, நடுவே வானம் பார்த்த பெரிய முற்றம். மேற்கே சொர்க்கவிலாசம் எனும் கொலு மண்டபத்தின் குவிமாடம். மரச் சட்டமோ இரும்போ தாங்காமல் செங்கலும் சுண்ணாம்புமே இத்தனை பெரிய குவிமாடத்தைப் பிடித்து நிற்கின்றன. 1636-இல் கட்டியதாகச் சொல்லப்படும் இந்தக் கட்டடத்தில் தமிழ்நாட்டுத் தச்சு மரபும் தக்காணத்துச் சுல்தான்களின் வளைவு முறையும் கூச்சமில்லாமல் கலந்திருக்கின்றன. செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் பின்னாளில் வண்டியூர்த் தெப்பக்குளம் ஆனது என்று மதுரையில் சொல்வார்கள்.

பத்மநாபபுரத்தில் தூணைத் தேட வேண்டும். அங்கே எல்லாவற்றையும் ஆள்வது கூரை. வெளியில் இருந்து பார்த்தால் சுவரே அதிகம் தெரிவதில்லை. சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரைகளும் அவற்றின் முக்கோண முகப்புகளும்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிகின்றன. காரணம் மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அரண்மனை வேளிமலை அடிவாரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஒரு கணமும் தங்காமல் வழிந்தோட வேண்டும், சுவரில் சாரல் அடிக்கக் கூடாது. அதனால் இறவாணம் வெகுதூரம் வெளியே நீண்டு தாழ்ந்து வருகிறது. சுவர் இருக்க வேண்டிய பல இடங்களில் சாய்ந்த மரச் சட்டங்களை அடுக்கி அடைத்திருக்கிறார்கள். காற்று உள்ளே வரும், மழை வராது. உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது.

மரம் மலையில் இருந்து வந்தது. தேக்கு, ஈட்டி, பலா என்று எந்த மரம் எங்கே தாங்கும் என்பது அந்த ஆசாரிகளுக்கு அத்துபடி. அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று இருக்கிறது. பூமுகத்தின் மேல்தட்டில் செதுக்கிய பூக்கள் 90, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. வருகிற எவரும் முதலில் நிற்கிற இடம் அது. அரசனின் வளத்தை அங்கே தலைக்கு மேல் வைத்திருக்கிறார்கள், நிமிர்ந்து பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்படி. அதற்கு மேல்தளத்தில் மந்திரசாலை. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரும் அவருக்குப் பின் வந்தவரும் அமைச்சர்களைக் கூட்டிப் பேசிய அறை. அபிரகத் தகடு பதித்த சன்னல்கள் வழியாக வண்ண வெளிச்சம் கசிகிறது. நாட்டின் முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்ட இடம் இவ்வளவு சிறியதா என்று முதலில் தோன்றும். அதன் இருட்டும் குளிர்ச்சியும் பழகிய பிறகு, யோசிப்பதற்கு இதைவிட நல்ல அறை வேண்டாம் என்று தோன்றும்.

இரண்டு இடங்களிலும் வழிகாட்டிகள் முட்டையின் வெள்ளைக்கரு பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. மதுரையில் அதைச் சுண்ணாம்போடு குழைத்துத் தூணிலும் சுவரிலும் பூசியதாகச் சொல்கிறார்கள். பத்மநாபபுரத்தில் அதைச் சுண்ணாம்பு, சிரட்டைக்கரி ஆகியவற்றோடு சேர்த்துத் தரையில் இட்டு இழைத்ததாகச் சொல்கிறார்கள். ஒரே பக்குவம்தான். மதுரைக்காரர் அந்த மினுக்கத்தைக் கண்ணுக்கு நேரே நிறுத்தினார். வெளிச்சம் பட்டு வெள்ளைச் சுவர் ஒளிர வேண்டும், ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். பத்மநாபபுரத்துக்காரர் அதைக் காலடியில் வைத்தார். கறுத்த தரை குளிர்ந்து கிடக்கும், மங்கிய வெளிச்சத்தையும் திருப்பித் தரும்.

இவ்வளவையும் வைத்து, மலையாள மரபுக்கு மரம், தமிழ் மரபுக்குக் கல்லும் காரையும் என்று கோடு போட்டுவிட முடியாது. பத்மநாபபுரத்துக்குள்ளேயே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. அது முழுக்கக் கருங்கல். வரிசையாகச் சிற்பத் தூண்கள். நம் ஊர்க் கோயில் மண்டபம் ஒன்றைத் தூக்கி வந்து வைத்தது போலவே இருக்கும். ஓரத்தில் மரத்தடுப்புக்குப் பின்னே அரண்மனைப் பெண்கள் அமர்ந்து ஆட்டமும் பாட்டும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் சரஸ்வதி கோயில். கொஞ்ச தூரத்தில் சுசீந்திரம், அங்கேயும் ராஜகோபுரம், நீண்ட கல் பிரகாரம், மதுரையில் உள்ளது போலவே இசைத்தூண்கள். கல்லில் கட்டத் தெரிந்தவர்கள், கல்லைத் தெய்வத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு, தாங்கள் குடியிருக்க மரத்தைத் தேர்ந்துகொண்டார்கள்.

மதுரையிலும் இதே ஒழுங்குதான். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தைக் கட்டிய அதே திருமலை நாயக்கர் அங்கே கருங்கல்லில் நுணுக்கமான சிற்பங்களை நிறுத்தினார். தன் மாளிகைக்கு வந்தபோது செங்கல்லையும் வளைவையும் எடுத்துக்கொண்டார். ஆக, மதுரையில் இருந்து சுசீந்திரம் வரை கோயிலின் மொழி ஏறக்குறைய ஒன்று. வட்டாரம் பேசத் தொடங்குவது மனிதன் தங்கும் இடத்தில்தான். வெயிலும் மழையும், கைக்கு எட்டிய மண்ணும் மரமும், அக்கம்பக்கத்து அரசுகளோடு இருந்த கொடுக்கல் வாங்கலும் அரண்மனையில் பதிந்த அளவுக்குக் கோயிலில் பதியவில்லை. வட்டாரப் பாணிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கோபுரங்களையே ஒப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இப்போது அந்தப் பழைய தீர்ப்புக்கு வருவோம். பத்மநாபபுரத்தில் சமையல்கட்டு இருக்கிறது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்ட ஊட்டுப்புரை இருக்கிறது, குளம் இருக்கிறது, 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லப்படும் கட்டில் இருக்கிறது, உப்பரிகை மாளிகையின் உச்சியில் சுவரோவியங்களோடு பூசை அறை இருக்கிறது. மகாலில் இவற்றில் எதுவும் இல்லை. நாயக்கர் எங்கே தூங்கினார், எங்கே உண்டார் என்று காட்ட ஓர் அறை மிஞ்சவில்லை. இன்று நிற்பது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்கு என்பார்கள். அதுவும் ஊருக்குக் காட்டுவதற்கென்றே கட்டிய பங்கு. திருமலையின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பெரும்பகுதியை இடித்துக் கொண்டுபோனதாகச் சொல்லப்படுகிறது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்த்திராவிட்டால் மிச்சமும் போயிருக்கும். பிறகு நீண்ட காலம் நீதிமன்றங்கள் அங்கே நடந்தன. ஒன்றின் வீட்டையும் இன்னொன்றின் கொலு மண்டபத்தையும் பக்கத்தில் வைத்து, இது எளிமை, அது ஆடம்பரம் என்பது எப்படி நியாயம் ஆகும்?

அழிய வேண்டியது எது என்று பார்த்தால் மரம்தான். கரையான், ஈரம், தீ, மூன்றுமே அதற்குப் பகை. ஆனாலும் மர அரண்மனை முழுதாக நிற்கிறது. 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரம் போன பிறகும் அரச குடும்பம் அதைக் கைவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குச் சரஸ்வதி அங்கிருந்துதான் திருவனந்தபுரம் புறப்படுகிறாள். 1956-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறை. ஓடு மாற்றவும் மரத்துக்கு எண்ணெய் இடவும் ஆள் இருந்தால் மரம் நூற்றாண்டுகளைத் தாண்டும். 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு மகாலுக்கு அப்படி உரிமையோடு பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

மதுரைக்குப் போகிறவர்கள் நேராக மகாலுக்குப் போய்விடாதீர்கள். சற்று வடக்கே, கடைகள் நெருக்கும் பத்துத்தூண் சந்தில், அரண்மனையின் பத்துத் தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. முதலில் அதைப் பாருங்கள். அந்த இடத்துக்கும் மகாலுக்கும் நடுவே இருந்து காணாமல் போனதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பிறகு தக்கலைக்குப் புறப்படுங்கள், திங்கள்கிழமையைத் தவிர்த்துவிட்டு. அன்று பத்மநாபபுரத்துக்கு விடுமுறை.