வற்றிய எண்ணெய்க் கிணறும் சிற்றுயிர்களின் தொண்டும்

2022ஆம் ஆண்டில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக நம் மக்கள் மழையிலும் வெயிலிலும் வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். எண்ணெயின் அருமையை அன்று உணர்ந்தோம். ஆயினும், பூமியிலிருந்து எண்ணெய் எடுக்கும் மனிதன் அதிற் பெரும்பகுதியை உள்ளேயே விட்டுவிடுகிறான் என்பதை நம்மிற் பலர் அறியார்.

நிலத்தடியிலே எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்டுளைகளில், கடற்பஞ்சில் நீர் நிற்பதுபோல ஒட்டிக் கிடக்கின்றது. முதலில் அது இயற்கை அழுத்தத்தால் மேலெழும். பின்னர் நீரைச் செலுத்தித் தள்ளுவர். இவ்விரண்டும் செய்தபின்னும் பல வயல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பாறையிலேயே தங்கிவிடும். 'கிணறு வற்றிவிட்டது' என்று கைவிடுவர்.

இதற்கு நுண்ணுயிர்களின் துணையை நாடலாம் என்ற கருத்தை 1926இல் பெக்மன் என்பவர் வெளியிட்டார். அதனை ஆய்வுகூடத்திற் செய்துகாட்டியவர் அமெரிக்கக் கடலாய்வாளர் குளோட் சோபெல். பற்றீரியாக்கள் பாறைத் துகள்களிலிருந்து எண்ணெயை விடுவிப்பதைக் கண்ட அவர், 1946இல் காப்புரிமையும் பெற்றார். 1954இல் ஆர்கன்சாஸ் மாநிலத்து எண்ணெய் வயலொன்றில், சீனி ஆலையிற் கழியும் பாகையும் பற்றீரியாவையும் நிலத்துட் செலுத்திச் சோதித்தனர்.

இதன் இரகசியம் நம் அடுக்களையிலேயே உண்டு. இரவில் அரைத்து வைத்த தோசைமா விடியலிற் பொங்கி நிற்பதற்குக் காரணம், சிற்றுயிர்கள் மாவை உண்டு வாயுவையும் அமிலத்தையும் தருவதே. நிலத்தடியிலும் அவ்வாறே அவை பாகை உண்டு வாயுவை உண்டாக்குகின்றன. அது எண்ணெயைத் தள்ளுகின்றது. அமிலம் சுண்ணப் பாறையைக் கரைத்து வழி திறக்கின்றது. சில இனங்கள் சவர்க்காரம் போன்ற பொருளைச் சுரந்து எண்ணெயைப் பாறையிலிருந்து கழற்றுகின்றன.

எனினும் வெற்றி எளிதில் வரவில்லை. ஆழத்தின் வெப்பமும் உப்பும் பல இனங்களைக் கொன்றுவிடும். ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்கிக் குழாய்களை அரிக்கச் செய்யும் இனங்களும் உள்ளன. ஆகவே இடத்துக்கேற்ற இனத்தைத் தெரிந்தெடுப்பதே இத்துறையின் பெரும் பணியாயிற்று.

அப்பணியில் பாரதமும் பங்கு கொண்டது. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அசாமின் டிக்பொயில் 1889இல் எண்ணெய் கண்ட நாடு அது. 1960இல் குஜராத்தின் அங்கலேஷ்வரிலும் கண்டது. வயல்கள் மூப்படைந்தபோது, அரசின் எண்ணெய் எரிவாயு நிறுவனமாகிய ஓ.என்.ஜி.சி.யும் டெல்லியின் டெரி ஆய்வு நிறுவனமும் கைகோத்தன. வெப்பத்தைத் தாங்கும் பற்றீரியாக்களை எண்ணெய் வயல்களிலிருந்தே எடுத்து வளர்த்தனர். அவற்றை உணவோடு கிணற்றுட் செலுத்தி, சில வாரம் மூடிவைத்துத் திறப்பது அவர்கள் முறை. இப்பணிக்கென 2007இல் இரு நிறுவனங்களும் கூட்டு நிறுவனமொன்றை அமைத்தன.

எல்லாக் கிணற்றுக்கும் இது மருந்தாகாது. ஆயினும் பழைய கிணற்றிற் கிடைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் புதுக் கிணற்றின் தேவையைச் சிறிது குறைக்கும்.

நம் மலையகத்திலே உயர்தர விஞ்ஞான வகுப்பு எல்லாப் பாடசாலைகளிலும் இன்னும் இல்லை. 'விஞ்ஞானம் நமக்கு எட்டாது' என்று நாமே நம் பிள்ளைகளைக் கைவிடுவது, எண்ணெய் இருக்கக் கிணற்றை மூடுவது போன்றதே. கண்ணுக்குத் தெரியாத உயிர் கல்லையும் நெகிழச் செய்யுமாயின், நம் இளைஞரால் ஆகாதது யாது? பெரியோர் வழிகாட்டுக, இளையோர் கற்க முன்வருக.